எல்லைக்கோட்டுக்கு எதிராக ஒரு மனு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆறு சட்டப்பேரவைத் தொகுதிகள் இருக்கின்றன: கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. தமிழ்நாட்டின் 234 சட்டப்பேரவைத் தொகுதிகளை 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சரியாக ஆறு வரும். இந்த மாவட்டத்தை அப்படியே ஒரு மக்களவைத் தொகுதியாக வைத்திருக்கலாம். 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறை அப்படிச் செய்யவில்லை. அதுவரை இருந்த புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி இல்லாமலே போயிற்று. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சியோடும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடும், அறந்தாங்கி இராமநாதபுரத்தோடும், விராலிமலை கரூரோடும் போய்ச் சேர்ந்தன.

1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானமாக இருந்த பகுதி இது. 1974இல் தனி மாவட்டமானது. அதன் வாக்காளர்கள் இன்று நான்கு எம்.பி.க்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவருக்குப் பதில் நால்வர் கிடைத்தது லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திருச்சித் தொகுதியில் ஆறில் இரண்டு, சிவகங்கையில் ஆறில் இரண்டு, இராமநாதபுரத்தில் ஒன்று, கரூரில் ஒன்று. எந்தத் தொகுதியிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டவில்லை. நால்வரில் எவருடைய வெற்றியும் இந்த மாவட்டத்தின் கையில் இல்லை. ரயில் பாதையோ குடிநீர்த் திட்டமோ மத்திய அரசு நிறுவனமோ, எது வேண்டுமென்றாலும் மாவட்டம் முழுமைக்காகவும் எழுந்து நின்று கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் மக்களவையில் இல்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சுற்றியுள்ள மாவட்டங்களைப் பார்த்தால் ஊகிக்கலாம். சிவகங்கை மாவட்டத்தில் நான்கு சட்டப்பேரவைத் தொகுதிகள்; மக்களவைத் தொகுதி ஒன்று முழுமையாவதற்கு இரண்டு குறைகிறது. இராமநாதபுரம் மாவட்டத்திலும் நான்குதான். திருச்சி மாவட்டத்தின் வடபகுதி பெரம்பலூரோடும் மணப்பாறை கரூரோடும் போய்விட, திருச்சித் தொகுதிக்கு மிஞ்சியவை நான்கு. சுற்றிலும் நான்கு நான்காக நின்றவற்றுக்கு இரண்டும் ஒன்றுமாகக் கொடுத்து ஈடுகட்ட, நடுவில் இருந்த மாவட்டம் கரைந்தது. யாரோ ஒருவரின் பகை இதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் கோட்டை நகர்த்தினால் அடுத்தடுத்த கோடுகளெல்லாம் நகரும் என்ற கணக்கே போதும். பாதிக்கப்பட்ட மக்களுக்கு அதில் என்ன ஆறுதல்?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2009 மக்களவைத் தேர்தலில், யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று 49-ஓ விதியின்கீழ் வாக்குச்சாவடியிலேயே பதிவு செய்யுங்கள் என்ற பிரசாரம் அந்த மாவட்டத்தில் நடந்தது. நோட்டா பொத்தான் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்திட்டு வர வேண்டும். ரகசிய வாக்கு என்ற பாதுகாப்பையே கைவிட்டுச் செய்ய வேண்டிய எதிர்ப்பு. ஆனால் அதற்குள் ஆணை அரசிதழில் வெளியாகி ஓராண்டு கடந்துவிட்டது. சட்டப்படி அதை யாராலும் தொட முடியாது.

தொகுதியின் எல்லை மாறப்போகிறது என்றால் அங்கே குடியிருப்பவர் என்ன செய்ய முடியும், எப்போது செய்ய முடியும், செய்தால் கோடு நகருமா? இந்தக் கேள்விகளுக்கு நம் நாட்டில் கிடைக்கும் சான்றுகள் குறைவு. பிரிட்டனில் நிறைய இருக்கின்றன. அங்கே கடந்த பதினைந்து ஆண்டுகளில் மூன்று முறை தொகுதி வரைபடம் புதிதாக வரையப்பட்டது. இரண்டு முறை தயாரான வரைபடம் குப்பைக்குப் போனது. மூன்று முறையும் ஊர்க்காரர்கள் எழுதினார்கள், பேசினார்கள், திரண்டார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது பதிவாகியிருக்கிறது.

நூறு பேரின் கையெழுத்து

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய நான்குக்கும் தனித்தனி எல்லை ஆணையங்களை அமைக்க 1944ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. ஆணையம் வரைவை வெளியிடும், மக்கள் கருத்துச் சொல்வார்கள், ஆணையம் திருத்தும். பின்னாளில் உறுதிப்பட்ட நடைமுறை ஒன்று குறிப்பிடத்தக்கது. ஒரு பகுதிக்கான வரைவை அங்குள்ள வாக்காளர் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபித்தாலோ, உள்ளாட்சி மன்றம் ஆட்சேபித்தாலோ அந்தப் பகுதியிலேயே விசாரணை நடத்தியாக வேண்டும். ஆணையத்துக்கு வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்து உட்காருவார். ஊர்க்காரர் தம் தரப்பைச் சொல்வார். எதிர்த்தரப்பு குறுக்குக் கேள்வி கேட்கலாம். விசாரித்தவர் காரணங்களோடு அறிக்கை கொடுப்பார்.

நூறு பேர் என்பது ஒரு தெருவின் கணக்கு. பெரிய கட்சி எதுவும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. குடிமக்களுக்கு இவ்வளவு எளிதில் கைக்கு எட்டிய உரிமை தொகுதி வரையறை வரலாற்றில் அபூர்வம் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரான் ஜான்ஸ்டன், சார்லஸ் பேட்டி, டேவிட் ராசிட்டர் ஆகிய மூவரும் பிரிட்டனின் எல்லை வரையறையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த புவியியலாளர்கள். விசாரணைகளில் ஓங்கி ஒலித்தது பெரும்பாலும் கட்சிகளின் குரலே என்று அவர்கள் காட்டினார்கள். ஒரு வார்டு இந்தப் பக்கம் வந்தால் நமக்கு எத்தனை வாக்கு கூடும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அதையே 'உள்ளூர் உறவு', 'ஊரின் ஒற்றுமை' என்ற சொற்களில் கட்சிகள் முன்வைத்தன. விசாரணைகளால் காலமும் நீண்டது. இங்கிலாந்தில் 2000இல் தொடங்கிய மறுஆய்வு முடிய ஏறக்குறைய ஏழாண்டு ஆயிற்று.

2010இல் வந்த கூட்டணி அரசு இதைக் காரணம் காட்டியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் 650 தொகுதிகளை 600 ஆகக் குறைக்கச் சொன்னது. ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் சராசரியிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்றது. உள்ளூர் விசாரணையை ஒழித்துவிட்டு, ஒரு மண்டலத்துக்கு இரண்டு முதல் ஐந்து வரை கருத்துக்கேட்புக் கூட்டங்கள் போதும், ஒரு கூட்டம் இரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது என்றது. ஊரும் உறவும் கவனிக்கப்படலாம். ஆனால் எண்ணிக்கைக்கு உட்பட்டே. இந்த ஒரு நிபந்தனைதான் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

சமமான எண்ணிக்கை என்ற கொள்கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவரின் வாக்குக்கு இன்னொருவரின் வாக்கைப் போல இரண்டு மடங்கு எடை இருப்பது அநியாயம். ஐந்து சதவீதம் என்ற இறுக்கத்தைப் பற்றித்தான் கேள்வி. ஊரைப் பிளக்காமல் கோடு போட அந்த இடைவெளி போதுமா? போதாது என்பதை முதலில் உணர்ந்தவர்கள் ஆணையத்தினர் அல்லர், ஊர்க்காரர்கள்.

ஆற்றுக்கு அக்கரை

கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்கு முனை. மூன்று பக்கம் கடல். கிழக்கே டெவன் மாவட்டத்திலிருந்து பிரிப்பது தேமர் ஆறு. அந்த மக்களுக்கென்று ஒரு மொழி இருந்தது, அழியும் நிலைக்குப் போய் இப்போது மீட்கப்பட்டு வருகிறது. கறுப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட தனிக்கொடி உண்டு. 600 தொகுதி, ஐந்து சதவீதம் என்ற கணக்கில் கார்ன்வாலுக்கு முழு எண்ணாகத் தொகுதிகள் வரவில்லை. ஒரு தொகுதி ஆற்றைத் தாண்டி டெவனுக்குள் போயாக வேண்டும். 2010 அக்டோபரில் தேமர் கரையிலுள்ள சால்டாஷ் ஊரில் மக்கள் கொடியோடு திரண்டார்கள். கார்ன்வாலைப் பிளக்காதே என்பதே கோஷம். இது தேமர்தானே, அமேசான் இல்லையே என்றார் அன்றைய பிரதமர் டேவிட் கேமரன். அந்த வார்த்தை இன்றுவரை அங்கே மறக்கப்படவில்லை.

2011 செப்டம்பரில் வெளிவந்த வரைவில் 'பிடஃபர்ட் அண்ட் பியூட்' என்ற தொகுதி இருந்தது. ஒன்று டெவன் ஊர், மற்றது கார்ன்வால் ஊர். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'டெவன்வால்'. மனுக்கள் குவிந்தன, கூட்டங்களில் பேசினார்கள். ஆணையம் கேட்டுக்கொண்டது, ஆனால் கோட்டை அகற்ற முடியவில்லை. அகற்றும் அதிகாரமே அதற்கு இல்லை. சட்டம் எண்ணிக்கையை மேலே வைத்துவிட்டது. எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், ஆற்றைத் தாண்டாமல் ஐந்து சதவீதத்துக்குள் நிற்கும் வரைபடத்தை யாராலும் போட்டுக்காட்ட முடியவில்லை. 2016இல் மறுபடி வரைந்தபோதும் அதே கதைதான். இம்முறை லான்செஸ்டனும் பெயரில் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் இடையில் 2014இல் பிரிட்டிஷ் அரசே கார்ன்வால் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்திருந்தது.

முடிவில் கார்ன்வால் தப்பியது. கூட்டணிக்குள் பிரபுக்கள் சபைச் சீர்திருத்தம் பற்றிய சண்டையில் லிபரல் டெமாக்ரட்டுகள் ஒத்துழைக்க மறுக்க, 2013இல் முதல் வரைபடம் கிடப்பில் போடப்பட்டது. 2018இல் இறுதியான இரண்டாம் வரைபடமும் நடைமுறைக்கு வரவில்லை. 2020இல் வந்த புதுச் சட்டம் 600 என்பதைக் கைவிட்டு 650க்குத் திரும்பியது. அந்தக் கணக்கில் கார்ன்வாலுக்கு ஆறு தொகுதிகள் பொருந்தின, ஆற்றைத் தாண்ட வேண்டிய தேவை போயிற்று. மக்கள் திரண்டது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இந்தக் கோடு வலிக்கும் என்பதை நாடறியச் செய்தவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆணையத்திடம் கொடுத்த ஆட்சேபணையால் அது நகரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

ஒயிட் தீவின் கதை வேறு. அங்கு போகப் பாலம் கிடையாது. கப்பலில்தான் போக வேண்டும். 1832 முதல் அது தனித் தொகுதி. 2010 மசோதாவின்படி தீவின் ஒரு பகுதி கடல் தாண்டி ஹாம்ப்ஷயர் கரையோடு சேர வேண்டும். தீவின் கட்சிகள் எல்லாம் ஒன்றாயின. 'ஒன்வைட்' என்ற பெயரில் இயக்கம் நடந்தது, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் எல்லை ஆணையத்துக்காகக் காத்திருக்கவில்லை. கோடு வரைபவரிடம் போவதற்கு முன், கோட்டுக்கு விதி எழுதுபவரிடம் போனார்கள். 2011 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் ஃபவுலர் பிரபு கொண்டுவந்த திருத்தம் வென்றது. தீவைக் கடல் தாண்டிச் சேர்க்கக் கூடாது என்பது சட்டத்திலேயே ஏறியது. ஓர்க்னி ஷெட்லாண்டுக்கும், சுமார் 21,000 வாக்காளர் மட்டுமே உள்ள மேற்குத் தீவுகளுக்கும் இருந்த விலக்கு ஒயிட் தீவுக்கும் கிடைத்தது. வேல்ஸின் அங்கிள்சி தீவுக்கு 2020இல் கிடைத்தது.

ஒயிட் தீவுக்காரர்கள் கொடுத்த விலையையும் கவனிக்க வேண்டும். 2024 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளருக்கு ஒரே எம்.பி.; நாட்டிலேயே பெரிய தொகுதி. தங்கள் வாக்கின் எடை குறைந்தாலும் பரவாயில்லை, தீவு தீவாகவே இருக்கட்டும் என்று அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கைச் சமத்துவம்தான் நியாயத்தின் முழு அளவு என்று நினைப்பவர்கள் இதற்குப் பதில் யோசிக்க வேண்டும். யாருடைய வாக்கின் எடை குறைகிறதோ அவரே அதை ஏற்கும்போது, அவருக்காக வழக்காட வேறு யார் இருக்கிறார்கள்?

என்னைப் பொறுத்தவரை மிகவும் பயனுள்ள பாடம் க்ளோஸ்டரில் கிடைக்கிறது. 2011 வரைவு அந்த நகரத்தின் வெஸ்ட்கேட் வார்டை எடுத்துப் பக்கத்திலுள்ள ஃபாரஸ்ட் ஆஃப் டீன் தொகுதியில் சேர்த்தது. வெஸ்ட்கேட் ஏதோ ஓரத்துப் புறநகர் இல்லை. பேராலயம் அங்கே இருக்கிறது. 1216இல் மூன்றாம் ஹென்றிக்கு முடிசூட்டியதும் இரண்டாம் எட்வர்டை அடக்கம் செய்ததும் அங்கேதான். பழைய துறைமுகமும் கடைத்தெருவும் அங்கே. க்ளோஸ்டர் என்றால் மனதில் வரும் எல்லாம் க்ளோஸ்டர் தொகுதிக்கு வெளியே, செவர்ன் ஆற்றுக்கு அப்பாலுள்ள காட்டுப்பகுதியின் பெயரில். மதுரைத் தொகுதியிலிருந்து மாசி வீதிகளை எடுத்துப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஆணையத்தின் கணக்கில் அதற்கும் காரணம் இருந்தது. ஃபாரஸ்ட் ஆஃப் டீனின் மேற்கே வேல்ஸ் எல்லை, கிழக்கே ஆறு. வாக்காளர் எண்ணிக்கை குறைகிறது. எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். ஆற்றை ஒட்டிய வெஸ்ட்கேட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதிர்த்தவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். பேராலயத்தின் பெருமையைச் சொன்னதோடு நிற்காமல், குறையும் எண்ணிக்கையை வேறு எங்கிருந்து எடுக்கலாம் என்ற கேள்விக்குள் இறங்கினார்கள். வார்டை உடைக்கக் கூடாது என்பது ஆணையத்தின் வழக்கம்; சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2012 அக்டோபரில் வந்த திருத்திய வரைவில் வெஸ்ட்கேட் க்ளோஸ்டருக்கே திரும்பியது. அதற்காக அந்த வட்டாரத்தில் வேறொரு வார்டை இரண்டாகப் பிரிக்க ஆணையம் ஒப்புக்கொண்டது. உணர்ச்சியோடு கணக்கும் சேர்ந்தபோது கோடு நகர்ந்தது.

பதில் சொல்லும் கடமை

2021 முதல் 2023 வரை நடந்த மூன்றாவது மறுஆய்வு முன்னிரண்டையும்விட நன்றாக நடந்தது. சராசரி 73,393 வாக்காளர். குறைந்தது 69,724, மிகுந்தது 77,062 என்ற வரம்பு. சிறப்பு விலக்குப் பெற்ற ஐந்து தீவுத் தொகுதிகள் தவிர மற்ற 645 தொகுதிகளும் இந்த இடைவெளிக்குள் வர வேண்டும். இங்கிலாந்து ஆணையம் 2021 ஜூன் 8 அன்று முதல் வரைவை வெளியிட்டு எட்டு வாரம் கருத்துக் கேட்டது. வந்த கருத்துகள் அனைத்தையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. பிறகு 2022 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டாம் சுற்று. இந்தச் சுற்றில்தான் நேரடிக் கூட்டங்கள் நடந்தன. பக்கத்து ஊர்க்காரர் என்ன கேட்டிருக்கிறார் என்று படித்துப் பார்த்து, அதை ஆதரிக்கவோ மறுக்கவோ முடிந்தது. நவம்பரில் திருத்திய வரைவும் நான்கு வார மூன்றாம் சுற்றும் வந்தன. இறுதி அறிக்கை 2023 ஜூனில். அந்த எல்லைகளில்தான் 2024 ஜூலை 4 தேர்தல் நடந்தது.

மொத்தம் 60,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. முதல் வரைவில் ஏறக்குறைய பாதித் தொகுதிகள் ஏதோ ஒரு விதத்தில், எல்லையிலோ பெயரிலோ, திருத்தப்பட்டன. இதில் கட்சிகள் தூண்டிவிட்ட அச்சுப்பிரதிக் கடிதங்களும் இருந்தன. அவை எப்போதும் இருக்கும். ஆனால் கருத்துகளைப் படித்து ஆராயத் துணை ஆணையர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் என்ன கேட்டார்கள், எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று அறிக்கையில் எழுத்தில் பதில் இருந்தது. தோற்றவருக்குக்கூட ஏன் தோற்றோம் என்று தெரிந்தது.

எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. வேல்ஸுக்கு இருந்த 40 தொகுதிகள் 32 ஆயின. மலைப்பகுதிப் பண்ணை ஊர்கள் நிறைந்த பிரெக்கன், ராட்னரோடு சுவான்சி பள்ளத்தாக்கின் பொன்டர்டாவே சேர்க்கப்பட்டது. ஆட்டுப்பண்ணையும் பழைய சுரங்கமும் ஒரே தொகுதிக்குள். பள்ளத்தாக்கு மக்களுக்குக் கடைசியில் கிடைத்தது பெயரில் 'கும் டாவே' என்ற சேர்க்கை. சராசரியிலிருந்து விலகும் அளவை ஏழரை சதவீதமாகத் தளர்த்தலாம் என்று பிரபுக்கள் சபை சொன்னதை மக்களவை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் பொன்டர்டாவே போன்ற பல ஊர்களின் குறையைத் தீர்க்க ஆணையத்துக்கு இடம் இருந்திருக்கும்.

இப்போது நம் சட்டத்தைப் பார்ப்போம். 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம் மோசமானதில்லை. தொகுதி நிலப்பரப்பில் நெருக்கமாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணைகளைப் பெற்று, மாநிலத்தில் 'ஒன்றோ அதற்கு மேற்பட்டோ' பொது அமர்வுகள் நடத்த வேண்டும். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆணை வெளியானபின் அது சட்டத்தின் வலிமை பெறும்; எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. நாடாளுமன்றமும் திருத்த முடியாது.

உஜ்ஜயினி பொதுத் தொகுதியிலிருந்து தனித் தொகுதியானதை எதிர்த்து அங்கு வசித்த மேக்ராஜ் கோத்தாரி தொடுத்த வழக்கில், மறுவரையறை ஆணையில் தலையிட முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல்கள் முடிவில்லாமல் தடைபடும் என்ற அச்சம் அதன் பின்னணி, நியாயமான அச்சம்தான். குஜராத்தின் பார்டோலி தொகுதி பற்றிய வழக்கில் 2024இல் அந்தக் கதவு சிறிது திறந்தது. அரசியலமைப்பின் விழுமியங்களோடு ஒத்துப்போகாத, வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமான ஆணையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஒரு தாலுகாவை அந்தப் பக்கம் தள்ளியதற்காக யாரும் நீதிமன்றத்தை நம்பியிருக்க முடியாது. நமக்கு இருக்கும் ஒரே வாசல் வரைவுக்கும் இறுதி ஆணைக்கும் இடைப்பட்ட காலம்.

அந்தக் காலம் எவ்வளவு? அசாமில் 2023இல் நடந்ததைப் பாருங்கள். தேர்தல் ஆணையம் ஜூன் 20 அன்று வரைவை வெளியிட்டது. ஆட்சேபணை தர ஜூலை 11 வரை அவகாசம். ஜூலை 19 முதல் 21 வரை மூன்று நாள் குவாஹாட்டியில் பொது அமர்வுகள். ஆகஸ்ட் 11 அன்று இறுதி ஆணை. தொடக்கம் முதல் முடிவு வரை எட்டு வாரம்கூட இல்லை. இங்கிலாந்தில் முதல் சுற்றுக் கருத்துக்கேட்பு மட்டுமே எட்டு வாரம். பராக் பள்ளத்தாக்கின் சட்டப்பேரவைத் தொகுதிகள் 15இலிருந்து 13 ஆகக் குறைவதை எதிர்த்து ஜூன் 27 அன்று அங்கே பந்த் நடந்தது. சில்சாரிலிருந்து குவாஹாட்டிக்குச் சாலை வழி 300 கிலோமீட்டருக்கு மேல், மழைக்காலத்தில் மலைப்பாதை. இறுதி ஆணையிலும் 13 அப்படியே இருந்தது. 1,200க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்ததாகவும் சுமார் 45 சதவீத ஆலோசனைகள் ஏற்கப்பட்டதாகவும் ஆணையம் அறிவித்தது. பல தொகுதிகளின் பெயர்கள் மக்கள் கேட்டபடி மாறின. அது நல்லதே. ஆனால் எட்டு வாரத்துக்குள் ஓர் ஊர் வரைவைப் படித்து, பக்கத்து ஊரோடு பேசி, மாற்று வரைபடம் போட்டு, கணக்கைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு வர முடியாது. க்ளோஸ்டரில் வென்ற வகையான ஆட்சேபணைக்கு அவகாசம் வேண்டும். அவகாசம் இல்லாதபோது மிஞ்சுவது பந்தும் 49-ஓவும்தான்.

தமிழ்நாட்டில் மறுவரையறை என்றாலே 39 என்ற எண்ணைப் பற்றித்தான் பேச்சு. 1967இல் 41இலிருந்து 39 ஆனோம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்ற கேள்வி அன்று முதல் நிற்கிறது. 1976இல் மாநிலங்களுக்கிடையிலான பங்கு உறையவைக்கப்பட்டது. 2001இல் நிறைவேறிய 84ஆம் திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. இந்தப் போராட்டம் அவசியமானது. மாநிலம் ஒரே குரலில் பேச வேண்டியது. ஆனால் எண்ணிக்கை 39ஆகவே நின்றாலும் உள்ளே கோடுகள் மாறலாம். 2008இல் நடந்தது அதுதான். மாநிலத்தின் பங்கில் ஓர் இடம்கூடக் குறையவில்லை. புதுக்கோட்டை மட்டுமல்ல, இராசிபுரம், கோபிசெட்டிபாளையம், சிவகாசி, பழனி, திருச்செந்தூர் என்ற பெயர்களும் மக்களவைப் பட்டியலிலிருந்து போயின. அவற்றில் சில மாவட்டத் தலைநகரின் பெயரில் புதிதாக அமைந்த தொகுதிகளுக்குள் சேர்ந்தன, பெரிய குறையில்லை. புதுக்கோட்டைக்கு அப்படி ஒரு வீடும் அமையவில்லை. இந்த உள்கோடுகளைப் பற்றி நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அன்று நடந்த விவாதம் போதாது. இன்றும் போதவில்லை.

அடுத்த மறுவரையறைச் சட்டம் எப்போது வந்தாலும் அதில் கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. வரைவு கிராமம் வரை தெரியும் வரைபடத்தோடு தமிழில் வர வேண்டும். சர்வே எண்களும் பிர்க்காப் பெயர்களும் அடுக்கிய அரசிதழ்ப் பக்கம் சாதாரண வாக்காளருக்கு உதவாது. பொது அமர்வு 'ஒன்றோ அதற்கு மேற்பட்டோ' என்று இருக்கும்வரை சென்னையில் ஒன்று நடத்திவிட்டுப் போகலாம். மாவட்டந்தோறும் என்று எழுத வேண்டும். வந்த மனுக்களை எல்லோரும் படிக்க வெளியிட்டு, அவற்றுக்கு மறுமொழி சொல்ல இரண்டாம் சுற்று வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்காத ஆட்சேபணைக்கு ஆணையம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நீதிமன்றத்துக்குப் போக முடியாத ஓர் ஆணைக்கு இதுகூட இல்லையென்றால், மனு வாங்குவது சடங்காகிவிடும்.

சட்டம் எப்படி இருந்தாலும் ஊர்க்காரர்கள் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தாலுகாவில் எத்தனை வாக்காளர், பக்கத்துத் தாலுகாவில் எத்தனை, பேருந்து எந்த ஊருக்குப் போகிறது, சந்தையும் ஆஸ்பத்திரியும் கலெக்டர் ஆபீசும் எங்கே என்பதைத் திரட்டி வையுங்கள். எங்களைப் பிரிக்காதீர்கள் என்று மட்டும் எழுதாமல், பிரிக்காமல் கணக்கை எப்படிச் சரிக்கட்டலாம் என்று காட்டும் மாற்று வரைபடத்தையும் போட்டு வையுங்கள். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பக்கத்து ஊராட்சியையும் நகராட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவு வெளியானபின் கிடைக்கப்போவது சில வாரங்கள்தான். இறுதி ஆணை வந்துவிட்டால் அடுத்த மறுவரையறை வரை அதை மாற்ற வழியில்லை.